கொழுந்து சுருளும்போது: மிளகாய்ச் செடியின் நோயறியும் முறை

பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் சுங்காய் வட்டாரத்தில், பால்மரக் காடுகள் அழிந்து செம்பனை எழுந்து, தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும், அவர்கள் விட்டுவிடாமல் உடன் கொண்டுவந்த வழக்கங்களுள் கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி வைக்கும் வழக்கமும் ஒன்று. பழைய சாயவாளியிலோ, கறுப்புப் பையிலோ, வேலியோரத்து மண்ணிலோ நட்ட அந்தச் செடி, இரண்டு மாதம் செழித்து நின்றுவிட்டுப் பூவெடுக்கும் பருவத்தில் திடீரென்று கொழுந்து சுருண்டு, இலை குறுகி, கோணலாகி நிற்கும்போது, வீட்டுக்காரர் மறுநாளே கடைக்குப் போய்ச் சுருட்டைக்கு மருந்து கேட்கிறார். கடைக்காரரும் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் தருகிறார். சுருட்டை என்பது தனி வியாதியன்று, பல வியாதிகளுக்குப் பொதுவான ஒரு லட்சணம் மட்டுமே என்ற விஷயம் அந்த வியாபாரத்தில் இருவர் கவனத்துக்கும் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிலந்தி, இலைப்பேன், அசுவினி, வைரஸ், அடுத்த காட்டிலிருந்து காற்றில் வந்த புல் மருந்து, மண்ணின் புளிப்பு ஆகிய இத்தனைக்கும் மிளகாய்ச் செடி ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் கொழுந்தைச் சுருட்டிக் காட்டுகிறது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாததோடு, சில சமயங்களில் அதை வளர்த்தும் விடும். ஆதலால் மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடும் முறையை இந்த அத்தியாயத்தில் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது கொழுந்தின் சுபாவம். இலையின் வடிவம் அது விரிந்த பிறகு அமைவதன்று; நுனி மொட்டுக்குள் மடிந்து கிடக்கும் பருவத்திலேயே அதன் அகலமும் நரம்புகளின் போக்கும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் நேர்ந்த ஊனம், இலை விரியும்போதுதான் நம் கண்ணுக்குப் படுகிறது. நாம் சுருட்டையைக் கண்ட நாள் வேறு, தீங்கு நேர்ந்த நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழிந்திருக்கும். எனவே நேற்று என்ன செய்தோம் என்று யோசிப்பதைவிட, பத்து நாளைக்கு முன் என்ன நடந்தது, மழை எப்படி இருந்தது, யார் எங்கே மருந்தடித்தார்கள், நாம் என்ன எரு வைத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்ப்பதே பலன் தரும். இதே காரணத்தால், ஒரு முறை கோணிப்போன இலை, என்ன சிகிச்சை செய்தாலும் நிமிராது. மருந்து தெளித்துவிட்டு மூன்றாம் நாள் அதே இலைகளைப் பார்த்து, குணமில்லை என்று மனம் தளர்ந்து, மறுபடியும் இரட்டிப்பு அளவில் தெளிப்பவர்கள் நம்மில் பலர். அது செடிக்கும் கேடு, அதன் காயைத் தின்னும் பிள்ளைகளுக்கும் கேடு.

பரிசோதனைக்கு வேண்டியவை பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைக்கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள், காலை வெளிச்சம் ஆகிய மூன்றே. நண்பகலில் பார்க்கக் கூடாது. உச்சி வெயிலில் இலைகள் தம்மைக் காத்துக்கொள்ள மடிவதும் மாலையில் தாமே நிமிர்வதும் இயல்பு, அது வியாதியன்று. காலையில், சுருண்ட கொழுந்து ஒன்றையும், அதே செடியின் நடுப்பகுதியிலிருந்து முதிர்ந்த இலை ஒன்றையும் கிள்ளி எடுத்து, கொழுந்தை வெள்ளைத் தாளின்மேல் பிடித்து விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். பிறகு இலையைப் புரட்டி அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். விளிம்புகள் எந்தப் பக்கம் மடிந்திருக்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; கவிழ்த்த தோணிபோல் கீழ்நோக்கியா, மல்லாந்த தோணிபோல் மேல்நோக்கியா என்ற இந்த ஒரு வித்தியாசமே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி நீண்டு, காம்பு வழக்கத்துக்கு மேல் நீளமாகி, அடிப்பக்கம் வெண்கல நிறமாகப் பளபளத்து, தொட்டால் முறியும்படி விறைத்திருந்தால், தமிழ்நாட்டு விவசாய நூல்கள் முரணைச் சிலந்தி என்று குறிப்பிடும் ஜீவனை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே அளவுள்ள இது, வெறுங்கண்ணுக்குத் தென்படாது. செஞ்சிலந்தியைப்போல் நூலாம்படையும் கட்டாது. ஆகவே கைக்கண்ணாடி இல்லாத வீட்டில் அது இருப்பதாகவே யாரும் நம்புவதில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தால், வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒளி ஊடுருவும்படியான துளிகள் நரம்போரங்களில் வேகமாக நகர்வதைக் காணலாம். நகர்வன தெரியாவிட்டாலும் முட்டைகளைத் தேடுங்கள். கண்ணாடித் துளிபோன்ற நீள்வட்ட முட்டையின்மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். அதைக் கண்டுவிட்டால் வேறு சாட்சி வேண்டியதில்லை. இந்தச் சிலந்தியின் ஆண், முதிர்ச்சிக்குக் காத்து அசைவற்றுக் கிடக்கும் இளம் பெண்ணைத் தன் பின்கால்களால் தூக்கிச் சுமந்துகொண்டு புதுக் கொழுந்துக்குப் போய்ச் சேரும். தூரத்துச் செடிக்குப் போக வேண்டுமானால் வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டும் பிரயாணம் செய்யும். முட்டையிலிருந்து மறுமுட்டை வரை ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற இந்த ஜீவனுக்கு, வெப்பமும் ஈரமும் கலந்த நம் பேராக்கின் ஹவா மிகவும் ஏற்றது.

இதன் சரித்திரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட ஆசை. 1904-ஆம் ஆண்டில் நேதன் பேங்க்ஸ் என்ற அமெரிக்க நிபுணர், வாஷிங்டனில் கண்ணாடி வீட்டில் வளர்ந்த மாமரக் கன்றிலிருந்து இதை எடுத்து விவரித்துப் பெயரிட்டார். ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது மஞ்சள் சிலந்தியாக நெடுங்காலமாக அறியப்பட்டது. மலாயாவின் ரப்பர் நாற்றங்கால்களில் இளந்துளிரைக் கோணலாக்கி உதிரச் செய்ததும் இதுவே. நம் முன்னோர் எந்தெந்தப் பயிரின் கொழுந்தைக் கிள்ளியும் மரத்தைச் சீவியும் ஜீவனம் நடத்தினார்களோ அந்தந்தப் பயிரிலெல்லாம் இந்தச் சிறு பிராணியும் வாழ்ந்து, இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் கொல்லை மிளகாய்வரை வந்திருக்கிறது. பப்பாளி, எலுமிச்சை, கொய்யா, பயறு முதலியவற்றிலும் இது தங்கும் என்பதால், மிளகாயில் கண்டவர்கள் பக்கத்துப் பப்பாளியின் நுனியையும் அவசியம் பார்க்க வேண்டும்.

இதில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு. கடையில் சுருட்டைக்கென்று பெரும்பாலும் கையில் எடுத்துத் தரப்படும் இமிடாகுளோபிரிட் போன்றவை சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குரியவை. சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று, அந்த மருந்து அதை ஒன்றும் செய்வதில்லை. சில பூச்சி மருந்துகள், சிலந்தியைத் தின்று வாழும் நன்மை செய்யும் ஜீவன்களை மட்டும் கொன்றுவிட்டு, எதிரியில்லாத நிலத்தைச் சிலந்திக்குக் கொடுத்துவிடுகின்றன. மருந்தடித்த பின் சுருட்டை அதிகமாயிற்று என்று பலர் சொல்லக் கேட்கிறோமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து, நரம்புகளுக்கிடையே வெள்ளிபோலவும் பின்னர் பழுப்பாகவும் கீறல்கள் தோன்றி, வெள்ளைத் தாளில் தட்டியபோது ஊசிமுனைக் கோடுபோன்ற மஞ்சள் அல்லது கறுப்புத் துணுக்குகள் விழுந்து நெளிந்து ஓடினால், அது இலைப்பேன். உலகெங்கும் மிளகாய்ப் பேன் என்று பேர்பெற்ற இனத்தை ஹூட் என்பவர் 1919-இல் விவரித்தது கோயம்புத்தூரில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டுதான். மற்றோர் இனம் நம் தென்கிழக்காசியாவுக்கே உரியது. 1922-இல் தாய்லாந்து மாதிரிகளிலிருந்து விவரிக்கப்பட்ட அது, கடல் கடந்து இந்தியா சென்று, 2021-ஆம் ஆண்டில் ஆந்திர, தெலுங்கானா மிளகாய்ச் சாகுபடியைப் பெரிதும் நாசமாக்கிற்று. அங்கே அது கொழுந்தைவிடப் பூக்களுக்குள்ளேதான் அதிகம் காணப்பட்டது. ஆகையால் இலையில் ஒன்றும் அகப்படாவிட்டால் ஒரு பூவைப் பறித்துத் தாளின்மேல் உதிர்த்துப் பாருங்கள். இலைப்பேன் மழையில்லாத நாட்களில் பெருகும். ஜனவரி பிப்ரவரியிலும், ஜூன் ஜூலையிலும் மழை குறையும்போது விசேஷ ஜாக்கிரதை வேண்டும். கனமழை அதில் பெரும் பகுதியைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

அசுவினியைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை, அது கண்ணுக்கே தெரியும். கொழுந்தின் அடியில் கூட்டமாக அப்பிக் கிடக்கும்; இலைமேல் பிசுபிசுப்பும், அதன்மேல் கரும்பூசணமும், அதை நாடி ஏறியிறங்கும் எறும்புகளும் அதன் அடையாளங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தே ஆரம்பத்தில் விரட்டிவிடலாம். ஆனால் அசுவினியும் வெள்ளை ஈயும் தாம் உறிஞ்சும் சாற்றைவிட, தாம் கொண்டுவந்து விடும் வைரஸினால்தான் அதிகம் அஞ்சத்தக்கவை.

வைரஸினால் வரும் சுருட்டையில் பூச்சியோ சிலந்தியோ அகப்படாமலே போகலாம். ஆனால் நிறம் மாறியிருக்கும். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பதும், நரம்பையொட்டி மட்டும் கரும்பச்சை தடித்து நிற்பதும், செடி முழுவதும் குறுகிக் கணுக்கள் நெருங்கிவிடுவதும் அதன் குறிகள். நரம்பையொட்டிக் கரும்பச்சை நிற்கும் இந்த வைரஸைத் தீபகற்ப மலேசியாவில் கண்டு ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டவர்கள் இந்நாட்டு ஆய்வாளர்களே. இதைப் பரப்புவது அசுவினி. வெள்ளை ஈ பரப்பும் வகையில் இலை பளிச்சென்ற மஞ்சளாகி மேல்நோக்கிக் குவியும். அசுவினி ஒரு செடியில் வாய் வைத்து எடுத்துச் சில வினாடிகளுக்குள் அடுத்த செடிக்கு வைரஸைக் கொடுத்துவிடும். அது மருந்து பட்டுச் சாவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் பூச்சி மருந்தால் இந்த வியாதியைத் தடுக்க முடிவதில்லை. வந்த செடிக்குச் சிகிச்சையும் இல்லை. பாத்தியில் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரித்து நடுவது, அதன் பிரதிபலிப்பால் அசுவினியும் இலைப்பேனும் வந்து உட்காருவதைக் குறைக்கிறது. முப்பது செடியில் ஒரு செடிக்கு வந்தால், காய்த்திருக்கிறதே என்று பார்க்காமல், அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் மற்றவற்றுக்குச் செய்யும் தர்மம்.

இனி, நம் வட்டாரத்துக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். சுங்காயில் வேலிக்கு அப்பால் செம்பனைக் காடு இல்லாத கொல்லை குறைவு. அந்தக் காட்டில் மரத்தடி வட்டங்களையும் நடைவரிசைகளையும் சுத்தமாக வைக்கப் புல் மருந்து அடிப்பது வழக்கமான வேலை. பாராகுவாட் புழங்கிய காலத்தில் அதன் துளி காற்றில் வந்து விழுந்தால், விழுந்த இடத்தில் மட்டும் இலை வெந்து பொட்டுப் பொட்டாகக் காய்ந்துபோகும். தோட்டத்தில் முதுகில் தோம்பு சுமந்து அந்த விஷத்தை அடித்த நம் பெண்களுக்கு அந்தப் பொட்டுகள் நன்றாகத் தெரியும், அவர்களுடைய தோலும் நகமும் கண்ணும் அதற்குக் கொடுத்த விலையும் தெரியும். 2002-இல் தடைசெய்யப்பட்டு, 2006-இல் தளர்த்தப்பட்டு, இறுதியாக 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்த மருந்து இந்நாட்டில் விலக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர்களுக்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும். இன்று அதிகம் புழங்கும் கிளைபோசேட்டும், அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டியும், புதர்களுக்கு அடிக்கும் டிரைகுளோபிரும் அப்படிப் பொட்டு வைப்பனவல்ல. அவை செடிக்குள் சென்று நுனிக் கொழுந்தைப் போய்ச் சேருகின்றன. பழைய பொட்டுகளைத் தேடுகிற கண்ணுக்கு ஒன்றும் தென்படாமல், பத்து நாள் கழித்துச் சுருட்டை மட்டும் தெரியும்.

2,4-டியும் டிரைகுளோபிரும் பட்ட மிளகாயின் புது இலை நாடாபோல் ஒடுங்கி, நரம்புகள் கிளைக்காமல் ஒன்றையொன்று ஒட்டி இணையாக ஓடும். காம்பும் தண்டும் முறுக்கிக்கொள்ளும். கிளைபோசேட் பட்டதில், கொழுந்தின் அடிப்பகுதி வெளிறி மஞ்சளாகி, கணுவுக்குக் கணு சின்னஞ்சிறு துளிர்கள் கொத்தாகத் தள்ளும். சிலந்தியிலிருந்து இதைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் சுருண்டதா? சிலந்தியானால் ஒரு செடியில் தொடங்கி அக்கம்பக்கம் பரவும். மருந்துச் சாரலானால் ஒரே வீச்சில் எல்லாம் சுருளும். வேலிப்பக்கத்து வரிசை அதிகமாகவும் வீட்டுப்பக்கத்து வரிசை குறைவாகவும் பாதிக்கப்பட்டிருக்கிறதா? மிளகாயோடு கத்தரி, வெண்டை, பயறு, மரவள்ளி ஆகியவையும் கோணியிருக்க, பக்கத்திலுள்ள செராய்ப் புல் மட்டும் ஒன்றுமில்லாமல் நிற்கிறதா? நின்றால் 2,4-டி வகை. செராயும் மஞ்சளித்திருந்தால் கிளைபோசேட். மூன்றுக்கும் விடை ஒத்துவந்தால், செம்பனைக் காட்டு மண்டோரிடம் சண்டைக்குப் போகாமல், "அண்ணே, இந்தப் பக்கம் புல்லு மருந்து என்னைக்கு அடிச்சீங்க?" என்று நிதானமாகக் கேட்டுத் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். இனிமேல் காற்றில்லாத காலை வேளையில், வேலியிலிருந்து நாலு வரிசை விட்டு அடிக்கும்படி கேட்டுக்கொள்வதும் நம் உரிமையே.

காற்று மட்டுமே அந்த விஷத்தைக் கொண்டுவருவதில்லை. புல் மருந்து அடித்த தோம்பையே கழுவிவிட்டு மிளகாய்க்கு மருந்தடிக்கும் வழக்கம் மிகப் பெரிய குற்றவாளி. 2,4-டி பிளாஸ்டிக்கிலும் குழாயிலும் ஊறி நின்று, நாலு முறை கழுவினாலும் மிளகாயைக் கோணலாக்கப் போதுமான அளவு மிஞ்சிவிடும். மிளகாய்க்கென்று தனித் தோம்பு வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு பரிகாரம் இல்லை. மருந்தடித்த புல்லை மேய்ந்த மாட்டின் சாணத்தாலும், அந்தப் புல்லை அறுத்துப் போட்ட மூடாக்காலும்கூட இது வரலாம். எருவின்மேல் சந்தேகம் இருந்தால் மூன்று சட்டிகளில் அந்த எருவைக் கலந்த மண்ணும், மூன்றில் எரு சேராத மண்ணும் நிரப்பி, ஆறிலும் பயறு விதையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் எருச் சட்டிகளில் மட்டும் இலை குவிந்து கோணினால், அந்த எருவைக் காய்கறிக்குப் போடக் கூடாது.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம். உள்நாட்டு மேட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மிகுந்தது. தாப்பா, பீடோர், கிந்தா பக்கங்களில் ஈய லம்பங்கள் விட்டுப்போன மணலோ எந்தச் சத்தையும் பிடித்து வைக்காது. இவ்விரண்டிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, புது இலையின் ஓரம் கருகி, நுனி உட்புறமாகக் குவியும். காயின் அடியில் கறுத்த குழி விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கும் நாட்டில் இந்தக் குறைக்குப் பரிகாரம் அரிதன்று. நடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வைத்தால், மிளகாய் விரும்புகிற 6-ஐ ஒட்டிய அமிலநிலைக்கு மண் படிப்படியாக வரும். மக்காத கோழி எருவை அள்ளி வைத்ததால் இலை கரும்பச்சையாகிப் புடைத்துச் சுருங்குவதும் உண்டு. அதற்கு மருந்து, எருவை நிறுத்துவதுதான்.

சிலந்தி என்று முடிவானால், மிகவும் கோணிய நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, நனையும் கந்தகத்தைச் சீட்டிலுள்ள அளவில், பெரும்பாலும் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கரைத்து, மாலை ஐந்து மணிக்குமேல் இலையின் அடிப்பக்கம் முழுவதும் நனையத் தெளியுங்கள். பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவிய தோட்டங்களில் வேலை செய்த பெரியவர்களுக்கு அந்த வாசனை பழக்கமானதே. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு வாரம் செல்லாமல் கந்தகம் அடிப்பதும் கூடாது. முட்டைகள் பொரிந்து வருவன உண்டாதலால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுமுறை தெளிப்பது அவசியம். அதற்கும் அடங்காத போது மட்டும் அபாமெக்டினை நாடலாம். சீட்டில் அறுவடைக்கு முன் விட வேண்டிய நாட்களை ஒரு நாளும் குறைக்க வேண்டாம். இலைப்பேனுக்கு, லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சில துளி சோப்பில் கரைத்து வாரம் ஒரு முறை தெளிப்பதை ஆரம்ப நிலையில் நான் விரும்புகிறேன். புல் மருந்துச் சாரல் பட்டதற்கு எதையும் தெளிக்க வேண்டாம். நீர் மட்டும் அளவாக விட்டு வாருங்கள், லேசாகப் பட்ட செடி சில வாரங்களில் நல்ல கொழுந்து விடும்.

எந்தச் சிகிச்சை செய்தாலும், தொடங்கிய அன்று ஒவ்வொரு செடியிலும் நுனிக்குச் சற்றுக் கீழே, கடைசியாக விரிந்த இலையின் கணுவில், ஒரு வர்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். நூலுக்குக் கீழுள்ள இலைகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்று வாரம் கழித்து நூலுக்குமேல் விரிந்தவை அகன்று நேராக இருந்தால், காரணத்தைச் சரியாகக் கண்டிருக்கிறீர்கள். அவையும் கோணியிருந்தால் மருந்தை மாற்றாமல் பரிசோதனையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

அப்போதும் விளங்காவிட்டால் மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்துக்கு மாதிரி கொண்டுபோகலாம். ஒரு சுருண்ட இலையை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதால் பயனில்லை. சுருண்ட நுனி ஒன்று, அதே செடியின் முதிர்ந்த கிளை ஒன்று, ஆரோக்கியமான செடியின் நுனி ஒன்று ஆகிய மூன்றையும் காலையில் வெட்டி, தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்த பத்திரிகைத் தாளில் தனித்தனியாகச் சுற்றி அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். சுருட்டை முதலில் தென்பட்ட தேதி, கடைசியாக அடித்த மருந்தின் பெயர், வைத்த எரு, வேலிக்கு அப்பால் மருந்தடித்த நாள் ஆகியவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதனோடு இணைத்துவிடுங்கள்.